கிளட்ச் புதிது, ஆனாலும் வண்டி உதறுகிறது: 1931 மாடல் ஏ ஹாட் ராட், ஃபிளாட்ஹெட் வி8

கேள்வி:
வணக்கம். ஓஹையோவில் என் வீட்டு கராஜில் 1931 ஃபோர்டு மாடல் ஏ கூபே ஒன்றை ஹாட் ராடாக (வலுவான இன்ஜின் போட்டு மாற்றியமைத்த பழைய கார்) மாற்றிக்கொண்டிருக்கிறேன். நாலு சிலிண்டர் இன்ஜினை எடுத்துவிட்டு, 1951-ஆம் வருடத்து 239 கன அங்குல ஃபிளாட்ஹெட் வி8 (வால்வுகள் பிளாக்கிலேயே இருக்கும் எட்டு சிலிண்டர் இன்ஜின்) வைத்திருக்கிறேன். கியர்பாக்ஸ் 1939 ஃபோர்டுடையது. புரொபெல்லர் ஷாஃப்டை மூடி, பின் அச்சின் முறுக்கத்தையும் தாங்கும் பழைய டார்க் டியூபைக் கழற்றிவிட்டுத் திறந்த புரொபெல்லர் ஷாஃப்டும் லீஃப் ஸ்பிரிங்கும் போட்டாயிற்று. பெடல்களைச் சேஸிஸில் பொருத்தியிருக்கிறேன்.

முதல் கியரில் கிளட்சை விடும்போது வண்டி முழுக்க உதறுகிறது. முன் விளக்குகள் இரண்டும் தலையாட்டுகின்றன. ரிவர்ஸில் இன்னும் மோசம். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட் இரண்டும் புதிது. ஃப்ளைவீலையும் லேத்தில் கொடுத்துச் சீவி வாங்கினேன். அப்படியும் போகவில்லை. மறுபடி கியர்பாக்ஸை இறக்க மனம் வரவில்லை.

பதில் 1:
பிளேட்டில் ஆயில் பட்டிருக்கிறதா? பின் மெயின் சீல் (கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ஆயிலை அடைக்கும் வளையம்) கசிந்தால் இதே மாதிரிதான் உதறும். பிரஷர் பிளேட்டை விடுவிக்கும் மூன்று விரல்களும் (நெம்புகோல்கள்) ஒரே உயரத்தில் இல்லையென்றாலும் வரும்.

கேட்டவர்:
இரண்டையும் பார்த்துவிட்டேன் சார். கிளட்ச் ஹவுசிங் உலர்ந்துதான் இருக்கிறது. விரல்களும் சமமாக இருக்கின்றன.

பதில் 2:
அப்படியென்றால் கியர்பாக்ஸை இறக்காதீர்கள் தம்பி. உங்கள் கிளட்ச் நன்றாகத்தான் இருக்கிறது, இன்ஜின்தான் நகர்கிறது.

மாடல் ஏ-யில் ஃபோர்டு பெடலைக் கியர்பாக்ஸோடு சேர்த்தே வைத்திருந்தார்கள். இன்ஜின் ஆடினால் பெடலும் கூடவே ஆடும், அதனால் கிளட்சுக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் பெடலைச் சேஸிஸுக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். இன்ஜின் மட்டும் ரப்பரில் உட்கார்ந்திருக்கிறது. பெடலை மிதித்தால், அதிலிருந்து போகும் ராட் கிளட்சை விடுவிக்கும் ஃபோர்க்கை மட்டும் இழுக்காது, மொத்த இன்ஜினையும் சேர்த்து இழுக்கும். காலை விடும்போது ரப்பர் இன்ஜினைத் திருப்பித் தள்ளும். பிளேட் பாதி பிடித்திருக்கும் அந்த இடம் மிகச் சின்னது. அங்கே இன்ஜின் நகர்ந்தால் கிளட்ச் தானாகவே பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும். உங்கள் கால் அசையவே வேண்டாம். ரிவர்ஸில் இன்ஜின் எதிர்ப்பக்கம் சாய்வதால் ராடின் இழுவை மாறும், அதனால் அங்கே வேறு மாதிரி உதறும்.

இதை அரைமணி நேரத்தில் உறுதி செய்துவிடலாம். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, இன்ஜினை அணைத்த நிலையில் ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லுங்கள். பெல் ஹவுசிங்கில் (கிளட்சை மூடியிருக்கும் கூடு) சாக்பீஸ் கோடு ஒன்று போட்டு, சேஸிஸின் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரோடு ஒரு ஸ்டீல் ஸ்கேலைப் பிடித்து, எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள்.

கேட்டவர்:
பார்த்தேன். கால் அங்குலத்துக்கும் அதிகம்! பின் மவுண்டிங் ரப்பர் நடுவில் வெடித்திருக்கிறது. என் மனைவி பெடலை மிதித்தாள், நான் கீழே படுத்தபடியே கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாளும் இதைத்தான் பார்க்கவில்லை.

பதில் 2:
முதலில் அந்த ரப்பரை மாற்றுங்கள். அது மட்டும் போதாது. பெல் ஹவுசிங்கின் அடி போல்ட்டிலிருந்து கிராஸ் மெம்பருக்கு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பிடிப்பு ராடுகள் போடுங்கள். சேஸிஸின் நீளவாக்கில், முடிந்தவரை தரைக்கு இணையாக இருக்கட்டும். சாய்வாகப் போனால் இன்ஜின் மேலும் கீழும் ஆடும்போது ராடே அதை முன்னும் பின்னும் தள்ளும். இரண்டு முனையிலும் ரப்பர் புஷ் வேண்டும். இரும்போடு இரும்பாக இறுக்கினால் அதிர்வெல்லாம் பாடிக்கு ஏறும், நாளடைவில் ஹவுசிங்கின் காதும் விரிசல் விடும். வண்டி சக்கரத்தில் நிற்கும்போதுதான் நட்டைக் கடைசியாக முடுக்க வேண்டும். ஜாக்கியில் இருக்கும்போது முடுக்கினால் இறக்கியதும் ராட் இன்ஜினை இழுத்துக்கொண்டே இருக்கும்.

பதில் 3:
நான் பிடிப்பு ராட் போடவில்லை, ஹைட்ராலிக்குக்கு மாறினேன். எண்ணெய் அழுத்தத்தில் ஃபோர்க்கைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரை பெல் ஹவுசிங்கிலேயே பொருத்தினேன். அப்போது இன்ஜின் எங்கே ஆடினாலும் சிலிண்டரும் கூடவே ஆடும். சிலர் அதைச் சேஸிஸில் மாட்டிவிட்டு உதறல் போகவில்லை என்கிறார்கள். அது பழைய ராடுக்கு எண்ணெய் ஊற்றிய கதைதான், ஒரு பலனும் இல்லை.

கேட்டவர்:
ரப்பரும் ராடுகளும் போட்டாயிற்று. இப்போது பெடலை மிதித்தால் சாக்பீஸ் கோடு மயிரிழை அளவுகூட நகர்வதில்லை. முதல் கியரில் பட்டு மாதிரி கிளம்புகிறது. ரிவர்ஸில் மேட்டில் ஏற்றும்போது மட்டும் லேசாக ஒரு குலுக்கல் இருக்கிறது.

பதில் 2:
அந்தக் குலுக்கலுக்கு லீஃப் ஸ்பிரிங்கைப் பாருங்கள் தம்பி. திறந்த ஷாஃப்டில் பின் அச்சு முறுக்கத்தை ஸ்பிரிங்தான் தாங்குகிறது. அச்சை ஸ்பிரிங்கோடு பிடிக்கும் யு போல்ட் தளர்ந்திருந்தால் அச்சு முறுக்கி முறுக்கி விடும். கையோடு அதையும் முடுக்கிவிட்டு, மேட்டில் ஒருமுறை ஏற்றிப் பார்த்துச் சொல்லுங்கள்.