2017 வறட்சியில் உங்கள் வீட்டுக் கிணறு எப்படி இருந்தது?

தேரூர் பக்கத்துக்காரர்:

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. ஒன்று தவறினால் இன்னொன்று தாங்கிவிடும் என்ற தைரியத்தில்தான் நாம் வளர்ந்தோம். 2016-ல் இரண்டுமே தவறின. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. சென்னையில் இருக்கும் என் அத்தை போனில் “அங்கயுமா?” என்று நம்பாமல் கேட்டாள்.

எங்கள் வீட்டுக் கிணறு பாட்டா காலத்தில் வெட்டியது. குளத்தங்கரையிலிருந்து கூப்பிடு தூரம். அது வற்றி யாரும் பார்த்ததில்லை என்பதால், எங்களுக்கென்று தனி ஊற்று இருப்பதாகவே வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அந்தக் கோடையில் நான் கவனித்த வரிசை இது: முதலில் சானல், அதாவது அணையிலிருந்து வரும் கால்வாய், காய்ந்தது. அப்புறம் குளம் சுருங்கி, பையன்கள் நடுக்குளத்தில் கிரிக்கெட் ஆடினார்கள். அதற்கும் பிறகுதான் எங்கள் கிணற்றில் கயிறு போதாமல் ஆனது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளில் தேங்கிய மழை சானல் வழியாகக் குளத்துக்கு வந்து, குளத்திலிருந்து மண்ணுக்குள் கசிந்து எங்கள் கிணற்றுக்கு வந்துகொண்டிருந்திருக்கிறது. வயலுக்குப் பாய்வதாக நாம் நினைத்த தண்ணீரைத்தான் வீட்டிலும் குடித்திருக்கிறோம்.

அடுத்த தெருவில் ஒருவர் அவசர அவசரமாக ஆழ்துளைக் கிணறு போட்டார். அவருக்குத் தண்ணீர் கிடைத்தது. சுற்றியிருந்த கிணறுகளில் அதுவரை காலையில் ஊறி நின்ற கொஞ்சமும் குறைந்தது. அவரைத் திட்டிப் பயனில்லை, அவர் வீட்டிலும் குழந்தைகள் இருக்கிறார்கள். ஆனால் பணம் உள்ளவர் ஆழத்துக்குப் போகப் போக, கயிறும் வாளியும் மட்டும் வைத்திருப்பவருக்கு எதுவும் மிஞ்சாது. எனக்கு அதில் இன்றும் ஆற்றாமை உண்டு.

எங்களைக் காப்பாற்றியது பக்கத்து வீட்டு மயினி (அண்ணி முறை). அவர்கள் கிணறு எங்களுடையதைவிடப் பள்ளத்தில் இருந்தது. “மக்கா, வெக்கப்படாத, வாளிய எடுத்துட்டு வா, இங்க கோரிக்கோ” என்றார்கள். காலையில் மூன்று வீட்டுக்காரர்கள் முறைவைத்துக் கோருவோம். யார் வீட்டிலும் மோட்டார் போடுவதில்லை என்று பேசி வைத்துக்கொண்டோம்.

உங்கள் ஊரில் எப்படி இருந்தது? எழுதுங்கள்.

கடலோரத்துக்காரி:

நான் முட்டத்துக்கும் குளச்சலுக்கும் இடையில் உள்ள ஊர். எங்களுக்குத் தண்ணீர் வற்றவில்லை, உப்பாக மாறியது. இரண்டும் ஒன்றுதான், குடிக்க முடியாது.

கடற்கரை மணலில் மழைத் தண்ணீர் கனம் குறைவு என்பதால் கடல் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கும். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிவரை அது உப்பை அமுக்கி வைக்கும் என்பது கணக்கு. அந்த ஒரு அடியை இழந்தால் கீழே 40 அடி போகும். மழை இல்லாத வருஷத்தில் வீட்டுக்கு வீடு மோட்டார் ஓடினால் என்ன ஆகும்? எங்கள் தெருவில் அதுதான் ஆனது. முதலில் சாயா கரித்தது. பிறகு சோறு. பிறகு குளித்தால் சோப்பு நுரைக்கவில்லை, பிள்ளைகளுக்குத் தலைமுடி பிசுபிசுவென்று ஆனது.

கடைசிவரை நல்ல தண்ணீர் தந்தது எங்கள் அம்மச்சி வீட்டுக் கிணறு. அங்கே மோட்டாரே கிடையாது, கப்பியும் கயிறும்தான். வாளி மேல்மட்டத்துத் தண்ணீரை மட்டும் மெதுவாக அள்ளும். மோட்டார் அடியிலிருந்து இழுக்கும்போது கீழே கிடக்கும் உப்பும் சேர்ந்து மேலே ஏறிவிடும். அம்மச்சி யாரையும் கோர வேண்டாம் என்று சொன்னதில்லை. “பைய கோருங்க, ஒரே நேரத்துல எல்லாரும் கோராதீங்க” என்று மட்டும் சொல்வார்கள்.

மற்றபடி டேங்கர் லாரிதான். லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆண்கள் கடலுக்குப் போயிருப்பார்கள். குடங்களை வரிசையில் வைத்துவிட்டு ராத்திரியில் விழித்துக் கிடந்தது நாங்கள்தான். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பிள்ளைகளும் அந்த வரிசையில் நின்றார்கள். வறட்சி என்றதும் அணையில் எத்தனை அடி என்று எல்லோரும் பேசுகிறார்கள். இதை யாரும் பேசுவதில்லை.

உப்பேறிய கிணறு அடுத்த மழையிலேயே சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். எங்கள் தெருவில் ஒரு மழைக்காலம் போதவில்லை.

நாகர்கோவில் டவுன்:

எங்களுக்குக் கிணறே இல்லை, குழாயை நம்பிய வீடு. அப்போது நகரத்துக்குத் தண்ணீர் முக்கடல் அணையிலிருந்துதான் வந்தது. அதன் முழு மட்டம் 25 அடி. பேப்பரில் அதன் மட்டம் ‘மைனஸ்’ (மதகுக்கும் கீழே) என்று வரும்போதே அம்மா டிரம்களைக் கழுவ ஆரம்பித்துவிடுவாள். அரிசி களைந்த தண்ணீர் செடிக்கு, துணி அலசிய தண்ணீர் கழிவறைக்கு. பழைய ஃபிளஷ் டேங்க் ஒரு இழுப்புக்கு 10 லிட்டர்வரை குடிக்கும், அதன் குழாயை மூடிவிட்டு வாளிக்கு மாறியதில்தான் பெரிய மிச்சம் கிடைத்தது.

மழைநீர் சேகரிப்பு 2003-ல் கட்டாயமானபோது தோண்டிய குழி எங்கள் வீட்டில் குப்பை நிறைந்து கிடந்தது. அதைத் தோண்டிச் சுத்தம் செய்து கல்லும் மணலும் மாற்றிப் போட்டோம். 1000 சதுர அடி மட்டுப்பாவில் (மொட்டை மாடியில்) 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழுகிறது. ஒரு சாயங்கால மழையில் அவ்வளவு தண்ணீரைத் தெருவில் விட்டுக்கொண்டிருந்தோம்.

மார்த்தாண்டம் ரப்பர் தோட்டம்:

எங்கள் பக்கம் மேட்டு நிலம், கிணறு ரொம்ப ஆழம். வற்றியதும் எல்லோரும் கிணற்றை ஆழப்படுத்தக் கிளம்பினார்கள். அதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், தயவுசெய்து படியுங்கள்.

நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றில் அடியில் காற்று கெட்டிருக்கும். இறங்குவதற்கு முன் விளக்கைக் கொளுத்தி வாளியில் வைத்து இறக்கிப் பாருங்கள். அணைந்தால் யாரும் இறங்கக் கூடாது. எரிந்தாலும் அது முழு உத்தரவாதம் இல்லை, விளக்குக்கு அகப்படாத விஷவாயுவும் உண்டு. அதனால் இறங்குகிறவர் இடுப்பில் கயிறு, மேலே இரண்டு பேர், இது கட்டாயம். டீசல் பம்பை ஒருபோதும் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டாதீர்கள், அதன் புகை ஆளைக் கொல்லும். உள்ளே ஒருவர் மயங்கினால் அவரைத் தூக்க இன்னொருவர் குதிப்பதால்தான் இரண்டு உயிர் போகிறது. தீயணைப்பு நிலையத்துக்கு 101-ஐ அழையுங்கள்.

சேறு எடுத்து, தண்ணீர் ஊறிய பிறகு பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். 1000 லிட்டருக்கு 2.5 கிராம். 2 மீட்டர் அகலமுள்ள வட்டக் கிணற்றில் 3 மீட்டர் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 9,400 லிட்டர், அதற்கு 25 கிராம் போதும். வாளியில் கரைத்து, தெளிந்த தண்ணீரை மட்டும் ராத்திரியில் ஊற்றிக் கலக்கிவிட்டு, காலையில் எடுங்கள். கை நிறைய அள்ளிக் கொட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வேண்டாம்.

தேரூர் பக்கத்துக்காரர்:

கடலோரத்து அக்கா, ராத்திரி வரிசையில் நின்ற பிள்ளைகளைப் பற்றி எழுதியதற்கு நன்றி. அதை எங்கள் வீட்டில் வாசித்துக் காட்டினேன்.

ஆழ்துளைக் கிணறு போட்டவரிடம் பிறகு மயினிதான் போய்ப் பேசினார்கள். சண்டை இல்லை. மோட்டாரைக் காலையிலும் மாலையிலும் கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டுவது, தென்னைக்குப் பாய்ச்சுவதை மழை வரும்வரை நிறுத்துவது என்று அவர் ஒத்துக்கொண்டார். கிணறு கொஞ்சம் ஊற ஆரம்பித்தது.

இப்போது எங்கள் தெருவில் இரண்டு வேலை நடக்கிறது. குளத்துக்கு வரும் ஓடையில் குப்பை கொட்டாமல் பார்த்துக்கொள்கிறோம். கோடையில் குளம் வற்றும்போது மடைப் பக்கத்துச் சேற்றை எடுக்கச் சொல்லி ஊராட்சிக்கும் நீர்வளத் துறைக்கும் மனு கொடுக்கிறோம். அணையிலிருந்து தண்ணீர் விடுவதைப் பொதுவாக பிப்ரவரி கடைசி வாக்கில் நிறுத்துவார்கள், அதனால் மனுவை ஜனவரியிலேயே கொடுத்துவிடுவது நல்லது. குளம் பக்கத்தில் வீடு இருக்கிறவர்கள் உங்கள் ஊரிலும் செய்து பாருங்கள். மனு மாதிரி வேண்டுமென்றால் கேளுங்கள், இங்கேயே எழுதுகிறேன்.