குக்ரியின் மரப்பிடி ஆடுகிறது: எபாக்சிப் பசை ஊற்றலாமா?

மலைப்பாதை:
வணக்கம். சென்ற ஆண்டு காட்மாண்டுவில் கையால் அடித்த குக்ரி (நேபாளத்து வளைந்த கத்தி) ஒன்று வாங்கினேன். பத்து அங்குல அலகு, சீசம் மரப் பிடி, எருமைத்தோல் உறை, உறையின் பின்புறம் இரண்டு குட்டிக் கத்திகள். அலமாரியில் அழகுக்குத்தான் இருந்தது. போன வாரம் அம்மா அதைக் கொதிக்கக் கொதிக்கச் சோப்பு நீரில் ஊறவைத்துக் கழுவிவிட்டார். மறுநாள் எடுத்துப் பார்த்தால் பிடி ஆடுகிறது. பித்தளைப் பூணின் ஓரத்தில் கறுப்பாக ஏதோ கசிந்து இறுகியிருக்கிறது. அலகில் மிளகுப்பொடி தூவியதுபோல் துரு. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?

சாளரம்:
எபாக்சி ஊற்றி ஒரு நாள் காயவிடுங்கள். வேலை முடிந்தது.

உலைத்திண்ணை:
அவசரப்பட்டு ஊற்றிவிடாதீர்கள், தம்பி. கசிந்திருப்பது அரக்கு, நேபாளத்தில் லாஹா என்பார்கள். அலகின் வாலை, அதாவது பிடிக்குள் போகும் ஒடுங்கிய பகுதியை, காய்ச்சி, அரக்கு நிரப்பிய பிடிக்குள் இறக்குவது அங்குள்ள வழக்கம். நம் ஊரிலும் என் அப்பா அரிவாளுக்கு இப்படித்தான் பிடி போடுவார். அரக்கு சுமார் 75 டிகிரியில் இளகிவிடும். கொதிநீரில் ஊறினால் எந்தப் பிடிதான் ஆடாது? விற்றவரைத் திட்ட வேண்டாம். பிடி விரிசல் விட்டால் வேறு மரம் மாற்றிக்கொள்ள வசதியான முறை இது. எபாக்சி போட்டால் பிறகு பெரும்பாலும் மரத்தைப் பிளந்துதான் எடுக்க வேண்டும்.

முதலில் பிடியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சாய்சதுர வடிவில் ஒரு சிறு துண்டு இருந்து, வாலின் முனை அதன்மேல் தட்டி மடக்கப்பட்டிருந்தால் கழற்றாதீர்கள், கொல்லரிடம் கொண்டுபோங்கள். அது இல்லையென்றால், பூணை ஒட்டிய அலகின் அடியில் கொதிநீரில் நனைத்த துணியைச் சுற்றிச் சூடேற்றி மெல்ல இழுங்கள். வந்துவிடும். மரம் நன்றாக உலர ஒரு வாரம் விடுங்கள். பிறகு துளைக்குள் அரக்குத் தூளும் கொஞ்சம் செங்கல் பொடியும் போட்டு, வாலை மட்டும் தீயில் காட்டி இறக்குங்கள். அலகில் ஈரத்துணி சுற்றியிருக்க வேண்டும். கத்தி செய்யும்போது விளிம்பைக் கடினமாக்க, காய்ந்த அலகுக்குக் கெண்டியிலிருந்து நீர் ஊற்றித் தோய்ச்சல் கொடுப்பார்கள். சூடு அங்கே ஏறினால் அந்தப் பதம் போய்விடும்.

சாளரம்:
அலமாரியில் தூங்கும் கத்திக்கு இவ்வளவு பாடா?

உலைத்திண்ணை:
லாரி வில்லுப்பட்டையைத் தட்டித் தட்டி ஒருவர் செய்தது, ஐயா. பாடு பட்டால் தகும்.

மலைப்பாதை:
சாய்சதுரம் இல்லை. துணி சுற்றி இழுத்ததும் பிடி கையோடு வந்துவிட்டது. வால் மூன்று அங்குலம்கூட இல்லை! ஒரு வாரம் கழித்துப் பொருத்தினேன். முதல் முறை கோணலாக இறுகியது. மறுபடி இளக்கி நிமிர்த்தினேன். இப்போது அசையவில்லை. வீடு முழுக்க அரக்கு வாசனை, அம்மாவிடம் நல்ல வசவு. துருவுக்கு என்ன செய்யலாம்?

கார்த்திகைக்காடு:
மிக மெல்லிய எஃகுப் பஞ்சில் மண்ணெண்ணெய் தொட்டு, அலகின் நீளவாக்கில் மட்டும் தேயுங்கள். பிறகு தையல் இயந்திர எண்ணெயை மெல்லியதாகத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், சிக்குப் பிடிக்கும். தோல் ஈரத்தை வைத்துக்கொள்ளும் என்பதால் உறைக்கு வெளியே வைப்பதே நல்லது. உருவும்போது உறையைச் சுற்றி விரல்களை மடக்கிப் பிடிக்காதீர்கள். தையலைக் கிழித்துக்கொண்டு கூர் வெளியே வரும். என் கட்டைவிரலில் தழும்பு இருக்கிறது.

மலைப்பாதை:
நன்றி. கடைசியாக ஒன்று: குட்டிக் கத்திகளில் ஒன்றுக்குக் கூரே இல்லை. சாணை பிடிக்கட்டுமா?

உலைத்திண்ணை:
வேண்டாம். கூராக இருப்பது கர்தா, சில்லறை வேலைக்கு. மொட்டையாக இருப்பது சக்மக். குக்ரியின் விளிம்பைச் சீராக்கவும் கல்லில் தட்டிப் பொறி எடுக்கவும் வைத்தது. நம் சக்கிமுக்கிதான், தம்பி. அதை அப்படியே விடுங்கள்.