ரிப்போர்ட்டில் ஆர்.சி.ஐ. எண் எங்கே?

பெங்களூரில் ஒரு பள்ளியில் கவுன்சலராக இருக்கிறேன். எம்.ஏ. சைக்காலஜி, தபால் வழியில் படித்தது. அல்சூர், மர்பி டவுன் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் நிறைய வருவார்கள். மனசில் இருப்பதைத் தமிழில்தான் கொட்டுவார்கள்.

போன வருஷம் ஒரு பையனின் அம்மா, தனியார் சென்டர் ஒன்று கொடுத்த ரிப்போர்ட்டோடு வந்தார். பையனுக்கு எழுத்துக்கூட்டிப் படிப்பதில் சிரமம். பத்தாவது பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்க வேண்டும். ஸ்பைரல் போட்ட ரிப்போர்ட், கலர் கலராகப் படங்கள். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்குக் கீழே 'சைக்காலஜிஸ்ட்' என்று மட்டும் இருந்தது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்களைப் பதிவு செய்யும் மத்திய அமைப்பான ஆர்.சி.ஐ.யின் (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இல்லை, அதனால் ரிப்போர்ட் செல்லுபடியாகவில்லை. "கம்மலை வச்சுக் கட்டினேன் மேடம்" என்றார். அப்புறம் இங்கே இருக்கும் அரசு மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் வரிசையில் நின்று எல்லாச் சோதனையும் முதலிலிருந்து.

இதைப் பார்த்த பிறகு, இந்த வேலைக்கான தகுதியைக் கூட்டக் கூடாது என்று எப்படிச் சொல்வேன்? ஆனால் 2025 ஜூலை சேர்க்கையிலிருந்து சைக்காலஜியைத் தொலைதூரத்தில் படிக்கவே முடியாது என்று யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. பிள்ளைகள் வளர்ந்த பிறகு படிக்க வந்த என்னைப் போன்றவர்களுக்கு இருந்த ஒரே கதவு அது. வேறு யாருக்கு என்ன அனுபவம்?

பதில்: எம்.ஃபில். முடித்தவள்

அக்கா, நான் வேலையை விட்டுவிட்டு எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜி படித்தேன். எம்.ஏ.வுக்கு மேல் இரண்டு வருஷம், முழுநேரம். வீட்டில் கடன். இருந்தாலும் வார்டில் கற்றதை எந்தப் புத்தகமும் தந்திருக்காது. "செத்துடலாம்போல இருக்கு" என்று ஒருவர் சொன்னதும் நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் இருந்த சீனியர் நேராகக் கேட்டார்: "எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கீங்களா? அது இப்ப வீட்டுல இருக்கா?" வீட்டில் பூச்சி மருந்து இருந்தது. அண்ணனுக்கு அங்கிருந்தே போன் போட்டு அதை அப்புறப்படுத்தச் சொன்னோம். இந்தப் பயிற்சி இல்லாமல் யாரும் நோயாளி முன்னால் தனியாக உட்காரக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சீட்டுதான் மிகக் குறைவு. யு.ஜி.சி. 2022-இல் எம்.ஃபில்.லையே நிறுத்தியது, இந்தப் படிப்புக்கு 2025-26 வரை நீட்டிப்புக் கொடுத்தார்கள்.

பதில்: முதலில் எழுதியவர்

நீங்கள் சொன்ன அந்தக் கேள்வியை எனக்கு யாரும் கற்றுத் தரவில்லைம்மா. அதுதான் என் ஆதங்கம். துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021 சட்டத்தில் கவுன்சலர்களும் வருகிறோம். பதிவுக்கு எங்களிடம் பட்டத்தை மட்டும் கேட்காமல், வேலையில் இருப்பவர்களுக்கு சீனியர் மேற்பார்வையில் பயிற்சி வைத்து, அதையும் கணக்கில் எடுக்கட்டும். சனி, ஞாயிறில் வைத்தால் நான் முதல் ஆளாக வருவேன்.