கதையில் உவமை: சொல்லிக்கொடுப்பதா, எடுத்துவிடுவதா?

சத்துவாச்சாரி டீச்சர்:
போன வாரம் நம்ம வாசிப்புக் கூட்டத்துல ஒரு கல்லூரிப் பொண்ணு படிச்ச கதையிலிருந்து மூணு வரி: "வெயில் நெருப்பாய்க் கொட்டியது. ஊரைச் சுற்றி மலைகள் யானைக் கூட்டம் போலப் படுத்திருந்தன. அவள் மனம் அனலில் இட்ட புழுவாய்த் துடித்தது." மே மாச வேலூர்ல பஸ்ஸுக்கு நிக்கிற ஒருத்தியோட கதை. படிச்சு முடிச்சதும் நம்ம ஆம்பூர் சார், "உவமை எல்லாத்தையும் அடிச்சிடும்மா, கதை தானா நிக்கும்"னு சொல்லிட்டார். எனக்கு அது சரியாப் படலை. எடுத்துடுன்னு சொல்றது சுலபம். எப்படிப் போடணும்னு யார் சொல்லித் தர்றது? அணியிலக்கணத்துல பழகாம உவமை கைக்கு வராதுங்கறது என் கட்சி. வாங்க, பேசலாம்.

ஆம்பூர்க்காரர்:
டீச்சர், அந்தப் பொண்ணுக்கு அணி தெரியாதுன்னா நினைக்கிறீங்க? பள்ளிக்கூடத்துலயே உவமையணி, உருவக அணின்னு விளக்கம் எழுதி மார்க் வாங்கினதுதான். அதனாலதான் வரிக்கு ஒண்ணு வைக்குது. கட்டுரையில மேற்கோளும் உவமையும் இருந்தா மார்க் கூடும்னு பழக்கிவிட்டிருக்கோம்.

எங்க பக்கம் தோல் தொழிற்சாலையில சுண்ணாம்புல வேலை செஞ்ச பெரியவங்க இருக்காங்க. ராத்திரி சோப்பு போட்டுத் தேய்ச்சுக் கழுவிட்டு உக்காந்தாலும், சோறு பிசையறப்போ விரல்ல அந்த வாடை வரும். இதை இப்படியே எழுதினா போதும். இதுக்கு மேல ஒரு "போல" எதுக்கு?

சத்துவாச்சாரி டீச்சர்:
மனப்பாடம் பண்றது வேற, எடுத்துப் புழங்குறது வேற சார். தொல்காப்பியர் உவமைக்கு வினை, பயன், மெய், உருன்னு நாலு வகை சொல்றார். செய்யுற வேலை, கிடைக்கிற பலன், வடிவம், நிறம். மலை-யானையை இதுல வெச்சுப் பாருங்க. பொருந்துறது பெரும்பாலும் வடிவம்தான். ரயில்ல போறவங்ககூட அதைச் சொல்லிடலாம். ஆனா மே மாசத்துல எங்க மலை என்ன செய்யுது? மரமில்லாத பாறை பகல் முழுக்க வெயிலை வாங்கி வெச்சுக்கிட்டு, பொழுது சாஞ்சப்புறம் வெளியே விடுது. மலையடிவாரத்து வீடுகள்ல ராத்திரி சாப்பிட்டு முடிச்சப்புறமும் செவுத்துல கை வைக்க முடியாது. வினையை வெச்சுத் தேடினா, அடுப்பை அணைச்சும் சூடு ஆறாத தோசைக்கல் கிடைக்குது. பஸ்ஸுக்கு நிக்கிறவ வீட்டுக்குப் போய் அந்தக் கல்லைத்தான் அடுப்புல வைக்கப்போறா. அவ மனசுல யானை எங்கே வரும்? இப்படித் தேடறதைச் சொல்லித் தர முடியும்.

ஆம்பூர்க்காரர்:
அங்கேதான் இடிக்குது. உவமை "உயர்ந்ததன் மேற்றே", அதாவது ஒப்பா வைக்கிறது உசந்ததா இருக்கணும்னும் அவரேதான் சொல்றார். மலையைவிட தோசைக்கல் உசந்ததா? விதின்னு வந்துட்டா பாதியை மட்டும் எடுத்துக்க முடியாது.

சத்துவாச்சாரி டீச்சர்:
அதுக்கு அடுத்ததையும் படிங்க. சிறப்பு, நலன், காதல், வலின்னு உவமை பிறக்கிற நிலைக்களம் நாலைச் சொல்லிட்டு, கிழக்கிடு பொருளையும் சேர்த்து அஞ்சுங்கறார். தாழ்ந்ததுக்கும் அங்கே இடம் இருக்கு.

குடியாத்தம் தறி:
டீச்சர், அண்ணா, நான் நெசவுக் குடும்பம். எங்க அத்தை பள்ளிக்கூடம் போனதில்லை. எதிர்ல இருக்கிறவங்க முகம் வாடினது தெரியாம பேசிக்கிட்டே போறவனைப் பாத்து, "பாவுல இழை அறுந்தது தெரியாம அடிச்சுக்கிட்டே போறான் பாரு"ன்னு சொல்லும். இழை அறுந்தா தறியை நிறுத்தி, முடிச்சுப் போட்டுட்டுத்தான் நெய்யணும். விட்டுட்டா துணியில அந்த இடம் கோடா ஓடும். அத்தைக்கு அது தினப்படி பாடு. அண்ணா சொல்றபடி உவமையை எடுத்துட்டா, அத்தையை நான் கதையில கொண்டுவரவே முடியாது. டீச்சர் சொல்ற நாலு வகையை நினைச்சும் அத்தை பேசலை. பக்கத்துல உக்காந்து கேட்டுத்தான் எழுதணும்.

ஆம்பூர்க்காரர்:
தங்கச்சி, பாத்திரம் பேசுறது வேற, கதை சொல்றவன் பேசுறது வேற. அத்தை பேசட்டும், நல்லா பேசட்டும். என் கோபமெல்லாம் ரெடிமேடு மேல. நம்ம ஊரையே எடுத்துக்குங்க. "தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்." வேலூர்னு எழுத உக்காந்தாலே இது வந்து விழுந்துடுது. கோட்டைக் கோயில்ல 1981லயே ஜலகண்டேஸ்வரரைத் திரும்பக் கொண்டுவந்து வெச்சாச்சு. 2021 நவம்பர்ல பாலாறு வெள்ளமா ஓடிச்சு. ஆனாலும் எழுதுறவங்க அந்த வரியைத்தான் எடுத்துப் போடுறாங்க, ஆத்தைப் போய்ப் பாக்குறதில்லை. நல்லா அமைஞ்சுட்ட வாக்கியம் பாக்க விடாது. அந்தப் பயத்துலதான் எடுத்துடுங்கறேன்.

சத்துவாச்சாரி டீச்சர்:
அதை முதல்ல சொன்னவர் பாத்துட்டுத்தானே சொல்லியிருப்பார்? பாக்காம எடுத்து எழுதுறவங்க மேலதான் குத்தம். குறுந்தொகை 41ஆம் பாட்டை எடுங்க. அவன் பிரிஞ்சு போன நாள்ல தலைவி தன்னை எதோட ஒப்பிடுறா? ஜனங்க விட்டுட்டுப் போன சின்ன ஊர்ல, முத்தத்துல அணில் விளையாடுற வீட்டோட. ஆள் புழங்குற முத்தத்துல அணில் அவ்வளவு தைரியமா ஆடாது. அந்த ஒரு அணில் வீட்டையே காலி பண்ணிக் காட்டிடுது. பாடினவர் பேர்கூட நமக்குக் கிடைக்கலை, "அணிலாடு முன்றிலார்"னு அந்தத் தொடரையே பேரா வெச்சிருக்காங்க. உங்க விதிப்படி போயிருந்தா நமக்கு அந்தப் பாட்டு இல்லை சார்.

ஆம்பூர்க்காரர்:
அணில் இருக்கட்டும், அதுல கை வைக்க எனக்கு மனசு வராது. ஆனா அணிலைப் பாத்தது கண்ணு, இலக்கணம் இல்லை. அந்தப் பொண்ணு ஒரு மாசம் "போல", "மாதிரி" எதுவும் இல்லாம எழுதிப் பாக்கட்டும். அதுக்கப்புறமும் ஏதாவது ஒரு உவமை விடாம முட்டிக்கிட்டு வந்தா, அதை வெச்சுக்கட்டும்.

சத்துவாச்சாரி டீச்சர்:
தடைக்கு நான் சம்மதிக்க மாட்டேன். புதுசா எழுத வந்த பிள்ளை பயந்து பயந்து எழுதும். அதே மூணு வரியை வெச்சுக்கிட்டு, ஒவ்வொண்ணுக்கும் வினையில ஒண்ணு, பயன்ல ஒண்ணு தேடி எழுதிட்டு வரச் சொல்றேன். பிடிக்காததை அவளே அடிச்சிடுவா.

குடியாத்தம் தறி:
டீச்சர், ஒண்ணு கேக்கணும். அவ வீட்டுக்குப் போய் தோசைக்கல்லை வைப்பான்னு எப்படி முடிவு பண்ணினீங்க? நர்ஸா இருக்கலாம், ஷூ கம்பெனியில தைக்கிறவளா இருக்கலாம். எதைப் பாத்தா எது ஞாபகம் வரும்ங்கறது ஆளுக்கு ஆள் மாறுமே. என்ன வேலைன்னு கதையில வருதா?

சத்துவாச்சாரி டீச்சர்:
இல்லைம்மா, எங்கேயும் வரலை. அவளைத்தான் கேக்கணும். இன்னிக்கு சாயங்காலம் போன் போட்டுக் கேட்டுட்டு இங்கே எழுதுறேன்.