கே.கே.நகரில் வாடகையா, ஊமச்சிகுளம் தாண்டிச் சொந்த வீடா?

மாசிவீதிக் கணக்கு:

எங்கள் வீட்டில் கொஞ்ச நாளாக ஓடுகிற சண்டையை இங்கே கொண்டு வருகிறேன். மதுரைக்காரர்கள் சொல்லுங்கள்.

நாங்கள் இருப்பது கே.கே.நகரில். மாடி வீடு, இரண்டு பெட்ரூம், வாடகை 13,000. நான் கீழமாசி வீதியில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். என் வீட்டுக்காரருக்கு கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை. மகள் ஒன்பதாவது படிக்கிறாள். மாமியார் எங்களோடுதான்.

ஊமச்சிகுளம் தாண்டி ஒரு தனி வீட்டை புரோக்கர் காட்டினார். மூன்று சென்ட், 48 லட்சம். 2023இல் நத்தம் ரோடு பாலம் திறந்ததிலிருந்து அந்தப் பக்கம் விலை ஏறுகிறது, இப்போது விட்டால் பிடிக்க முடியாது என்கிறார். பாலம் ஏழு கிலோமீட்டருக்கு மேல், ஏறினால் நேரம் போவதே தெரியவில்லை, உண்மைதான். ஆனால் பாலம் போவது வடக்கே, கப்பலூர் இருப்பது தெற்கே. இதைப் புரோக்கரிடம் சொன்னால் ரிங் ரோடு இருக்கே என்கிறார்.

என் தொழில் கணக்கு, அதனால் போட்டுப் பார்த்தேன். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். முழு விலைக்கும் பத்திரம் போட்டால் அதுவே 4.32 லட்சம். 12 லட்சம் கையிலிருந்து போட்டு 36 லட்சம் கடன், எட்டரை வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை 31,200 சொச்சம். முதல் மாதத் தவணையில் 25,500 வட்டிக்கே போகிறது. வாடகை காசு வீண் என்று என் அண்ணன் சொல்கிறார். இந்த 25,500 மட்டும் எந்தக் கணக்கில் வரும்?

அதைவிட, இந்தத் தெருவை விட்டுப் போக மனசில்லை. மாமியார் விடிகாலையில் தனியாகவே அண்ணா நகர் உழவர் சந்தைக்கு நடந்து போய் கீரை வாங்கி வருகிறார். 1999இல் தமிழ்நாட்டிலேயே முதலில் திறந்த உழவர் சந்தை அது, அவர் அன்று முதல் வாடிக்கை என்று பெருமை வேறு. மகள் சனிக்கிழமை கலைஞர் நூலகத்துக்கு பஸ்ஸில் தானே போகிறாள். எனக்கு கண்மாய்க்கரை நடை.

பயம் ஒன்றுதான். ஓனர் மகன் வெளிநாட்டிலிருந்து வரப்போவதாகக் காதில் விழுகிறது. கரண்டுக்கு யூனிட் ஒன்பது ரூபாய் கேட்கிற ஓனர். வீடுகளுக்கு அரசாங்கம் முதல் 100 யூனிட் இலவசம் தருகிறது என்பதை நான் சொன்னால் அவருக்குக் காது கேட்காது. சுவரில் ஆணி அடிக்கவும் அனுமதி வாங்க வேண்டும். மாமியாருக்கு வயது 71. திடீரென்று காலி செய்யச் சொன்னால் இந்த வயதில் அவரை எங்கே கூட்டிக்கொண்டு அலைவது?

வாங்குவதா, இருப்பதா?

கொய்யாமரத்து வீடு:

அக்கா, நான் அதே பக்கம் குடிவந்தவன், அதனால் உள்ளதைச் சொல்கிறேன். போர் தண்ணீர் உப்பு. பாத்திரத்தில் வெள்ளை படியும், குடிக்க கேன் தண்ணீர்தான். பாதாளச் சாக்கடை கிடையாது, செப்டிக் டேங்க் நிறைந்தால் லாரி கூப்பிட வேண்டும். ராத்திரி ஒன்பதுக்கு மேல் தெருவில் நாய்தான் ராஜா. எங்கள் வீட்டில் வண்டி ஒன்றிலிருந்து இரண்டானது, அதற்கும் ஸ்கூல் வேனுக்கும் போகிற பணத்தை யாரும் தவணைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆனாலும் போனதில் வருத்தமில்லை. என் அம்மா நட்ட கொய்யா காய்க்கிறது. மொட்டைமாடியில் வடாம் காயப்போட யாரிடமும் கேட்க வேண்டாம். பிள்ளைகள் ஓடினால் கீழ்வீட்டிலிருந்து சத்தம் வராது. இதற்கு விலை போட எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும்: எனக்கு வேலை வடக்கே, அதனால் சரிப்பட்டது. கப்பலூருக்குத் தினமும் போய்வரும் அண்ணன் என்னைத் திட்டுவார்.

ஒத்திக்காரன்:

நீங்கள் யாரும் ஒத்தியைப் பற்றிப் பேசவே இல்லையே! மதுரையில் இருந்துகொண்டு வாடகை, சொந்தம் என்று இரண்டே வழிதானா? கையில் 12 லட்சம் இருக்கிறதல்லவா? அதில் ஒரு பகுதியைக் கொடுத்து அதே கே.கே.நகரிலோ அண்ணா நகரிலோ ஒத்திக்கு வீடு பாருங்கள். மூன்று வருடம் வாடகை இல்லை, முடிந்ததும் பணம் திரும்ப வரும். நான் அப்படித்தான் இருக்கிறேன்.

பத்திர ஆபீஸ் டீக்கடை:

ஒத்திக்காரத் தம்பி நல்லதை மட்டும் சொல்லிவிட்டார். முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு லட்சக்கணக்கில் கொடுத்தவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அந்த வீடு ஏற்கெனவே பாங்கில் அடமானத்தில் இருந்தால், பாங்க் ஏலத்துக்கு வரும்போது உங்கள் தாளை யாரும் மதிக்க மாட்டார்கள். வீட்டின் மேல் கடன், அடமானம் உண்டா என்று வில்லங்கம் போட்டுப் பாருங்கள், மூலப் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள், ஒத்திப் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். ஓனர் பதிவுக்குச் சம்மதிக்கவில்லை என்றால் வேறு வீடு பாருங்கள். அவ்வளவுதான்.

ஊமச்சிகுளம் வீட்டுக்கும் அதேதான், இன்னும் கூடுதலாக. மனைக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அனுமதி இருக்கிறதா, விற்பவர் பேரில் பட்டா உட்பிரிவாகியிருக்கிறதா, வருவாய்த் துறையின் நிலக் கணக்கான அ-பதிவேட்டில் அந்தச் சர்வே எண்ணுக்கு என்ன எழுதியிருக்கிறது, மூன்றையும் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மதுரையைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்மாய். கண்மாயில் தண்ணீர் தேங்குகிற உள்வாயில் மண்ணடித்து மனை போட்டிருந்தால் சித்திரையில் தெரியாது. ஐப்பசி மழையில் போய்ப் பாருங்கள், தண்ணீர் எங்கே நிற்கிறது, நிரம்பி வழிகிற மறுகால் எந்த வழியாகப் போகிறது என்று அதுவே காட்டும். புரோக்கர்கள் ஏன் வெயில் காலத்தில் மட்டும் அழைக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்?

அப்புறம், கடன் வாங்கினால் வரி மிச்சம் என்று யாராவது சொல்வார்கள். குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு இரண்டு லட்சம் வரை கழிவு என்பது பழைய வரி முறையில்தான். புதிய முறையில் இருப்பவருக்கு அதுவும் இல்லை, வாடகைப் படிக் கழிவும் இல்லை.

மாசிவீதிக் கணக்கு:

எல்லோருக்கும் நன்றி. டீக்கடைக்காரர் சொன்ன வரி விஷயம் என் அண்ணன் வாயை அடைத்தது. என் வீட்டுக்காரர் புதிய முறையில்தான் இருக்கிறார்.

ஊமச்சிகுளத்தை விட்டுவிட்டோம். கொய்யாமரத்துத் தம்பி அம்மாவைப் பற்றி எழுதியதைப் படித்து மாமியார் கொஞ்ச நேரம் ஊசலாடினார், கேன் தண்ணீர் என்றதும் தெளிந்துவிட்டார். ஓனரிடம் நேரே போய்க் கேட்டேன். மகன் வருவது உறுதியில்லையாம். மூன்று வருடத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் பதியலாம், வருடத்துக்கு ஐந்து சதவீதம் ஏற்றிக்கொள்ளுங்கள் என்றேன். பதிவு என்றதும் முகம் மாறியது, யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். ஆணி பற்றி இந்த முறை பேசவில்லை.

அவர் மறுத்தால் ஒத்தி பார்ப்போம், பதிவோடுதான். சொந்த வீடு என்று ஒரு நாள் வாங்கினால் அது தெற்கேதான். திருநகர்ப் பக்கம் என் வீட்டுக்காரருக்கு அரை மணி நேரம் மிச்சமாகும். அங்கே தண்ணீர் எப்படி?

கொய்யாமரத்து வீடு:

என் சித்தி அங்கேதான் இருக்கிறார் அக்கா. தெருவுக்குத் தெரு மாறும் என்கிறார். வீட்டைப் பார்க்கப் போகும்போது பக்கத்து வீட்டில் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டுக் குடித்துப் பாருங்கள், புரோக்கரை வாசலிலேயே நிறுத்திவிட்டு.