31,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது, அதுதான் பிரச்சினை

வி8 பித்தன்

இந்த ஃபோரத்தில் பழைய சொகுசு கார் வாங்க நினைக்கிறவர்களுக்கு என் அனுபவம். பிராண்டுப் பெயர் வேண்டாம். நாலு லிட்டர் வி8 (வி வடிவில் இரண்டு வரிசையாக எட்டு சிலிண்டர்), இரண்டு டர்போ, நாலு கதவு, ஒன்பது வயது. புதிதாக விற்ற விலையில் கால் பங்குக்குக் கிடைத்தது. "ஓட்டவே இல்லை சார், கவர் போட்டு வைத்திருந்தேன்" என்றார் விற்றவர். ஓடோமீட்டரும் 31,000 என்றுதான் காட்டியது. அவர் பொய் சொல்லவில்லை. ஒன்பது வருடம் நின்றுகொண்டிருந்த ரப்பரைத்தான் நான் வாங்கியிருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியவில்லை.

மூன்றாவது வாரம், ஒரு நாள் காலையில் முன்பக்க இடது மூலை அப்படியே சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. ஸ்டார்ட் செய்ததும் எழுந்துகொண்டது. சரி, எழுகிறதே என்று இரண்டு மாதம் ஓட்டினேன். ஏர் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங் வேலையைச் செய்வது காற்றடைத்த ரப்பர் பை. மடிப்பில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் இரவெல்லாம் கசியும். அந்தக் காற்றை ஈடுகட்ட கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கும். விட்டுவிட்டு ஓடவேண்டிய சாமான் அது. ஒரு பையோடு முடிந்திருக்கவேண்டிய வேலை முன்பக்க இரண்டு பை, கம்ப்ரசர், ரிலே என்று வளர்ந்தது. பின்பக்கத்தையும் இப்போதே மாற்றிவிடலாம் என்றார் மெக்கானிக். நான் கேட்கவில்லை.

அப்புறம் கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம். இந்த வகை என்ஜினில் டர்போ இரண்டும் வி-யின் பள்ளத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். எக்ஸாஸ்ட் வழியின் நீளம் குறைவதால் மிதித்த கணத்தில் இழுக்கும், அந்தச் சுகத்தை மறுக்கவே மாட்டேன். ஆனால் மொத்தச் சூடும் நடுவிலேயே தேங்குகிறது. வண்டியை நிறுத்திய பிறகும் சில நிமிடம் பம்பும் ஃபேனும் ஓடுவது அதனால்தான். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் இணைப்புகள் காலப்போக்கில் அப்பளமாகிவிடுகின்றன. எனக்கு உடைந்தது விரல் நீளக் குழாய் ஒன்று. அதை எட்டிப் பிடிக்க 11 மணி நேர லேபர். பில்லில் குழாயின் விலையைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டியிருந்தது.

முதல் வருடச் செலவு, வாங்கிய விலையில் 38 சதவீதம். என்ஜினை இன்னும் யாரும் திறக்கவில்லை.

நீளப்பாதை

என் கதை நேர் எதிர். 1,42,000 கிலோமீட்டர் ஓடியது, மூன்று கை மாறியது. முன் பம்பரில் கல்லடி, டிரைவர் சீட்டின் ஓரம் தேய்ந்துபோயிருந்தது. வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. ஆனால் கூடவே தலையணை கனத்துக்கு ஒரு ஃபைல் வந்தது. வாட்டர் பம்ப், என்ஜின் மவுன்ட், கியர்பாக்ஸ் ஆயில் எல்லாம் எப்போது மாற்றினார்கள் என்று தேதியோடு பில் இருந்தது. அதிவேகமாகச் சுற்றுகிற என்ஜின் என்பதால் கனெக்டிங் ராட் பேரிங் (பிஸ்டனோடு இணைந்த தண்டைத் தாங்கும் உலோகத் தாங்கி) மேல்தான் எனக்குப் பயம். வாங்குவதற்கு முன் பழைய ஆயிலில் கொஞ்சம் எடுத்து லேபுக்கு அனுப்பினேன். ஈயமும் செம்பும் ஏறியிருந்தால் பேரிங் தேய்கிறது என்று அர்த்தம். ஏறவில்லை.

இரண்டு வருடத்தில் வால்வ் கவர் கேஸ்கெட், ஒரு ஜோடி பின் டயர், ஒரு சென்சார். வாங்கிய விலையில் பத்து சதவீதத்துக்குள்தான் இருக்கும். அதிர்ஷ்டமும் உண்டு, மறுக்கவில்லை.

ஸ்பேனர் கை

14 வருடமாக இந்த வண்டிகளுக்குக் கீழேதான் படுத்திருக்கிறேன். வி8 பித்தன் சார் சொன்னது ரொம்பச் சரி, ஆனால் அவர் விட்டது ஒன்று இருக்கிறது: பேட்டரி. நின்றே கிடந்த வண்டியில் முதலில் செத்துப்போவது அதுதான். வோல்டேஜ் இறங்கினால் ஒவ்வொரு மாட்யூலும் (ஒவ்வொரு பாகத்தையும் கட்டுப்படுத்தும் சின்னக் கம்ப்யூட்டர்) தன் பங்குக்கு ஒரு புகார் எழுதிவைக்கும். சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ், ஏர்பேக், ஒன்றுவிடாமல். கியர்பாக்ஸ் கன்ட்ரோலரையே மாற்றிவிட்டு என்னிடம் வந்தவர் உண்டு. குற்றவாளி பேட்டரிதான். புதிது போட்டாலும் பல மாடல்களில் அதை கம்ப்யூட்டருக்குச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் பழைய பேட்டரிக்குப் போட்ட சார்ஜையே புதிதுக்கும் போட்டுக்கொண்டிருக்கும்.

பார்க்கப் போகும்போது, "நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். கொஞ்ச நேரம் ஐடிலில் விட்டு, சட்டென்று மிதியுங்கள். நீலப்புகை வந்தால் வால்வ் சீல் (ஆயில் சிலிண்டருக்குள் இறங்காமல் தடுக்கும் ரப்பர்) இறுகியிருக்கலாம். டயர் ஓரத்தில் இருக்கும் கடைசி நான்கு எண்களையும் படியுங்கள், 2317 என்றால் 2017-ன் 23-வது வாரம். பட்டன் கொஞ்சமும் தேயாத, ஆனால் எட்டு வயதான டயர் என்றால் அந்த வண்டியின் மற்ற ரப்பரும் அதே வயதுதான். ஸ்கேனரில் ஃபால்ட் எதுவும் இல்லை என்று சந்தோஷப்படவேண்டாம், ரெடினஸ் பக்கத்தை (வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் பட்டியல்) திறந்து பாருங்கள். அங்கே பாதி சோதனை முடியாமல் நின்றால் நேற்றுத்தான் யாரோ ஃபால்ட்டை அழித்திருக்கலாம்.

டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிற என்ஜின் என்றால் செயினை இறுக்கிப் பிடிக்கும் ஒரு டென்ஷனருக்காகவும் என்ஜினையே இறக்கவேண்டி வரலாம். இறக்கிய கையோடு கைக்கு எட்டும் ஹோஸ், சீல் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். திரும்பவும் இறக்குகிற கூலி அந்தச் சாமான்களின் விலையைவிடப் பெரிது.

புதிதாய் வந்தவன்

நான் பார்த்திருக்கும் வண்டியில் கார்பன் செராமிக் பிரேக். "ஆயுசுக்கும் மாற்றவேண்டாம்" என்கிறார் விற்பவர். நம்பலாமா?

நீளப்பாதை

யாருடைய ஆயுசு என்று கேளுங்கள். இரும்பு டிஸ்க் மாதிரி தடிமனை மட்டும் அளந்து இதை முடிவு செய்ய முடியாது. எடை குறைகிறதா என்று பார்க்கவேண்டும். பல டிஸ்குகளில் குறைந்தபட்ச எடையைப் பொறித்தே இருப்பார்கள். சாதாரண ஓட்டத்தில் ரொம்ப நாள் உழைக்கும், அது உண்மைதான். ஆனால் டயர் மாற்றுகிறவர் வீலைக் கழற்றும்போது ஓரத்தில் ஒரு தட்டு தட்டினால் போதும். சில்லு பெயர்ந்ததா என்று டார்ச் அடித்துச் சுற்றிப் பாருங்கள். என் நண்பர் இரும்பு டிஸ்குக்கு மாறிவிட்டு, செராமிக்கைப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார், விற்கும்போது கூடவே கொடுக்க.

ஏழு மாத முதலாளி

எனக்கு இது யானையைக் கட்டித் தீனி போட்ட கதை. இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ், முதல் கியரில் உதறல். ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டதற்கு "அது லைஃப்டைம் ஆயில்" என்றார்கள். கிளட்ச் பேக்குக்கு எஸ்டிமேட் வந்தபோது வண்டியை அதே நிலைமையில், உண்மையைச் சொல்லி, விற்றுவிட்டேன். நஷ்டம்தான். இப்போது ஓட்டுவது நாலு சிலிண்டர், தூக்கம் நன்றாக வருகிறது.

வி8 பித்தன்

விற்றுவிட்டாயா என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: இல்லை. வாரத்தில் இரண்டு முறையாவது முழுச்சூடு ஏறும்வரை ஓட்டுகிறேன், நிறுத்தி வைப்பதில்லை. பேட்டரியை மாற்றி கம்ப்யூட்டரிலும் பதிந்தாயிற்று, பாதி எச்சரிக்கை விளக்குகள் தானாக அணைந்துவிட்டன. ஸ்பேனர் கைக்கு நன்றி.

நேற்றுக் காலை பின்பக்க வலது மூலை இரண்டு விரல் இறங்கியிருந்தது. ஸ்டார்ட் செய்ததும் எழுந்துகொண்டது. பத்து மணிக்கெல்லாம் கொண்டுபோய் விட்டுவிட்டு, ஆட்டோவில் வீடு திரும்பினேன். பின்பக்கம் இரண்டையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.