சரக்கு அடிச்ச மறுநாள் காலைல மெதுவா காலடி போட்டா தெளியுமா?

உச்சிப்புளி தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். மீன்பிடித் தடைக்காலம் ஓடுது, போட்டெல்லாம் கரையில கெடக்கு, சாயங்காலமானா கூட்டாளிகளோட உக்காந்துர்றோம். மறுநாள் எந்திரிச்சா மண்ட விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, வாயெல்லாம் கசப்பு, வெயில கண்கொண்டு பாக்க முடியல. நான் சிலம்பம் பழகிட்டு இருக்கேன், அதான் கேக்குறேன். அரியமான் மணல்ல நல்லா ஓடு, வேர்வையோட சரக்கு எறங்கிரும்னு ஒருத்தரு சொல்றாரு, இல்ல சீனாக்காரங்க பண்ற தாய்ச்சி மாதிரி மெதுவா கைகால அசச்சாத்தான் தெளியும்னு இன்னொருத்தரு. கம்பு இல்லாம, சிலம்பத்துல கால் எடுத்து வைக்கிற காலடியும், வெறுங்கையால பண்ற குத்துவரிசையும் மட்டும் மெதுவா பண்ணலாமா? பண்ணுனா உண்மையிலயே கேக்குமா?

நைட் டூட்டி சிஸ்டர்:
ஓடாதீங்க தம்பி, மொதல்ல அத சொல்லிர்றேன். வேர்வையில போறது ரொம்பக் கொஞ்சம், குடிச்சதுல 90 சதவீதத்துக்கு மேல ஈரல்தான் எரிச்சாகணும், நீங்க ஓடுனாலும் படுத்துக் கெடந்தாலும் அது அதோட வேகத்துலதான் எரிக்கும். ஆல்கஹால் மொதல்ல அசிட்டால்டிஹைடுன்னு ஒரு நச்சா மாறி, அதுக்குப் பெறகுதான் கெடுதல் இல்லாத அசிடேட்டா மாறுது. இன்னொண்ணு, ஒண்ணுக்கு அளவா போக வைக்கிறது வாசோபிரசின்னு ஒரு ஹார்மோன், சரக்கு அத அமுக்கிரும், அதனாலதான் ராத்திரி பூரா எந்திரிச்சு எந்திரிச்சு போயிட்டு காலைல நாக்கு ஒட்டிக் கெடக்குது, இந்த நெலமையில நம்ம ஊரு மே மாச வெயில்ல வேர்வையும் விட்டா மயக்கம் போட்டு விழ வேண்டியதுதான்.

கிறுகிறுப்புக்கும் காரணம் இருக்கு. காதுக்குள்ள பேலன்ஸ் பாக்குற உறுப்பு ஒண்ணு இருக்கு, ரத்தத்துல சரக்கு கொறஞ்ச பெறகும் அங்க அது கொஞ்ச நேரம் தங்கியிருக்கும், அதான் மறுநாளும் தலய சாச்சா ஒலகமே சுத்துற மாதிரி வருது. தல ஆடாம மெதுவா அசையிறது தப்பில்ல, ஒடம்புப் பிடிப்பு விடும், மூச்சு சீராகும், மனசுக்கும் தெம்பா இருக்கும். ஆனா சரக்க வெளியேத்துற வேலைய அது செய்யாது.

மொதல்ல தண்ணி. ஓஆர்எஸ் இல்லாட்டி ஒரு லிட்டர் தண்ணியில 6 தட்டையான டீஸ்பூன் சீனி, அரை டீஸ்பூன் உப்பு போட்டு கொஞ்சம் கொஞ்சமா குடிங்க. நீராகாரமும் நல்லதுதான், பதநீர் கெடச்சா அதுவும் குடிங்க. தலவலின்னு பாரசிட்டமால அள்ளிப் போடாதீங்க, ஏற்கனவே ஈரலுக்கு வேல ஜாஸ்தி. புரூஃபன், ஆஸ்பிரின் எல்லாம் வயித்தப் புண்ணாக்கும்.

சாயல்குடி கம்பு:
தம்பி, சிஸ்டர் சொன்ன காது விசயத்த நல்லா மனசுல வச்சுக்கங்க. சிலம்பத்துல எங்க பாத்தாலும் திருப்பமும் சுத்தும்தான், அதெல்லாம் அன்னிக்கு கூடவே கூடாது. கம்பையும் தொடாதீங்க, நெத்திப்பொட்டு ஒசரத்துக் கம்பு வீச்சுல வரும்போது கண்ணு துளி பிந்துனாலும் பக்கத்துல நிக்கிற பிள்ளைக்கு மண்ட ஒடஞ்சிரும். எங்க கூடத்துல முந்தின நாள் குடிச்சுட்டு வந்தவன் கையில கம்பு குடுக்குறதில்ல.

தூங்குனது பத்தலன்னா மொதல்ல தூங்குங்க. அப்பறம் நேர் காலடி மட்டும் போடுங்க, வெள்ளனவோ சாயங்காலமோ நெழலா இருக்கணும், பொத பொதன்னு இருக்குற மணல் வேணாம், கெட்டித் தர. தோள் அகலத்துக்கு காலை அகட்டி, முட்டிய லேசா மடக்கி நில்லுங்க. வலது கால முன்னால வைக்கும்போது குதிகால் மொதல்ல படணும், அப்பறம் பாதம், பாதம் முழுசா பதிஞ்ச பெறகுதான் ஒடம்பு பாரத்த அதுமேல எறக்கணும், அதுக்கும் பெறகுதான் பின்னங்கால எடுக்கணும். அவசரப்பட்டா அங்கதான் தள்ளாடும். பார்வை கீழ போகக்கூடாது, தூரத்துல ஒரு பனமரத்தப் பாத்துக்கங்க. குத்துவரிசையில கைய ஒதறாம, இடுப்பளவு கடல்ல நின்னு தண்ணியத் தள்ளுற மாதிரி தள்ளுங்க. மண்ணத் தொட்டு வணங்குறதக்கூட அன்னிக்கு நின்னபடியே பண்ணுங்க, குனிஞ்சு நிமிந்தா கெறக்கம் வரும். ஒரு பத்து நிமிசம் போதும், நடுவுல வாந்தி வர்ற மாதிரி இருந்தா உக்காந்துருங்க.

கீழக்கரை சபுராளி:
தாய்ச்சி பத்தி கேட்டதால சொல்றேன் தம்பி. நான் குடிக்கிறதில்ல, ஆனா சிங்கப்பூர்ல வேல பாத்தப்ப அடுக்குமாடி பிளாக்குக்குக் கீழ விடியக்காலைல சீனப் பெரியவங்ககூட நின்னு பழகியிருக்கேன். அவங்க பண்ணுனது 24 அடவு உள்ள ஒண்ணு, 1956ல சீனாவுல யாங்ங்கிற தாய்ச்சி வழியில இருந்து சுருக்கி, சாதாரண சனங்க பழகணும்னே அமைச்சது. முழுசா பண்ண அஞ்சாறு நிமிசம்தான். உங்களுக்கு மொத அடவே போதும்: நேரா நின்னு, ரெண்டு கையையும் தோள் மட்டத்துக்கு மெதுவா தூக்கணும், மணிக்கட்டு தளர்வா தொங்கணும், மூச்சு உள்ள போகும். அப்பறம் முழங்கையத் தளத்தி கைய எறக்கும்போது முட்டியும் லேசா மடங்கும், மூச்சு வெளிய வரும். தலை ஆடாது, குனியிறதும் இல்ல, அதனால உங்க நெலமைக்கு ஒத்துவரும். வயசானவங்க கீழ விழாம இருக்க தாய்ச்சி ஒதவுதுன்னு ஆராய்ச்சியிலயே பாத்துருக்காங்க. அங்க யாரும் போதை தெளிய இதப் பண்ணி நான் பாக்கல, தெனமும் பண்ணுனாத்தான் இதுக்குப் பலன்.

உச்சிப்புளி தம்பி:
ரொம்ப நன்றி சிஸ்டர், நன்றிண்ணே. ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். என் கூட்டாளி ஒருத்தனுக்கு காலைல எந்திரிச்சாலே கை நடுங்குது, வேர்த்துக் கொட்டுது, ஒரு கட்டிங் போட்டாத்தான் நிக்கிது. அவனையும் இந்தக் காலடிக்கு கூட்டிட்டு வரலாமா?

நைட் டூட்டி சிஸ்டர்:
அவர கூட்டிட்டு வராதீங்க தம்பி, இது ஹேங்ஓவரே இல்ல. தெனமும் குடிச்சுப் பழகுன ஒடம்புக்கு சரக்கு கொறையும்போது வர்ற நடுக்கம் இது, அதான் கட்டிங் போட்டதும் அடங்குது. கடைசியா குடிச்சு ஆறேழு மணி நேரத்துலயே ஆரம்பிச்சுரும், ரெண்டு மூணு நாளுக்குள்ள வலிப்பு, ஆள் தெரியாம பொலம்புறது வரைக்கும் போகலாம், உசுருக்கே ஆபத்து. அதனால நீங்களா அவரோட குடிய திடீர்னு நிறுத்தியும் விட்டுராதீங்க, டாக்டர் பாத்து மாத்திரையோடதான் நிறுத்தணும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு காலைலயே கூட்டிட்டுப் போயி மனநலப் பிரிவு எங்கன்னு கேளுங்க, வெக்கப்பட ஒண்ணுமில்ல. போன்ல பேசணும்னா 14446, காசு கெடையாது. வலிப்பு வந்தாலோ ஒளறுனாலோ யோசிக்காம 108க்கு அடிங்க. தடைக்காலம் முடியிறதுக்குள்ள பாத்துருங்க, நடுக்கடல்ல வலிப்பு வந்தா போட்ட திருப்பிக் கரைக்கு வர எவ்வளவு நேரமாகும்னு உங்களுக்கே தெரியும்.